பாடத்திட்டம் திருப்தியா சார்?

வணிகவியல் பாடத்திட்டம் போதுமா என்று ஆசிரியர்களிடமே எழுதி வாங்குவது கல்லூரிகளுக்கான ‘நாக்’ தர மதிப்பீட்டுச் சடங்குகளில் ஒன்று. படிவம் வரும், ‘மிகவும் திருப்தி’ கட்டத்தில் டிக் விழும். கேன்டீன் டீ உள்ளே போனதும் அதே பேராசிரியர், “இதைப் படிச்சவனுக்கு எவன் சார் வேலை கொடுப்பான்?” என்பார். இரண்டுமே அவர் கருத்துதான், முதலாவது ஃபைலுக்கு.

சென்னைக்கு வடக்கே அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நிற்கும் பி.காம். பிள்ளைகள், பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி ஹென்றி ஃபயோல் 1916-இல் வெளியிட்ட 14 நிர்வாகக் கோட்பாடுகளை உருப்போடுகிறார்கள். இந்தப் பக்கம் சுரங்கம் ஏது என்று எந்தக் கமிட்டியும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே ஸ்டேஷனுக்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரியில், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. ஊர்க்காரர்கள் பொதுவளத்தை நிர்வகிக்கும் இதுமாதிரி ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ‘பாடு’ சிலபஸில் ஏறவில்லை. சேர்க்கலாமே என்று கேட்டுப் பாருங்கள்.

“போர்டு கூடணும். அஞ்சு யூனிட்டும் ஃபுல். அதுவுமில்லாம, இதுல ரெண்டு மார்க் கேள்வி எப்படி சார் எடுக்கிறது?”