45 மாடி, லிஃப்ட் கிடையாது

வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் தாவீது கோபுரம் என்று ஒன்று உண்டு. பைபிளில் வருகிற ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1990-இல் அதைக் கட்டத் தொடங்கியவர் டாவிட் பிரில்லெம்பூர்க் என்ற நிதி முதலாளி; கோபுரத்துக்கு ஒட்டிக்கொண்டது இந்த டாவிட்டின் பெயர்தான். எண்ணெய்க் காசு புரளும் ஊர், பணக்காரர்கள் வந்து குவியப்போகிறார்கள், எல்லோரும் நம் வாசலில்தான் நிற்பார்கள் என்று மனுஷர் கணக்குப் போட்டார். 45 மாடி. உள்ளே வங்கி, அலுவலகம், ஹோட்டல். உச்சந்தலையில் ஹெலிகாப்டர் இறங்குதளம். வானத்திலிருந்து இறங்க ஏற்பாடு பலமாக இருந்தது. தரையிலிருந்து ஏறுவதற்கு லிஃப்ட் மாட்டுவதுதான் பாக்கி.

அதற்குள் 1993-இல் முதலாளி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஜனவரியில் பாங்கோ லத்தினோ என்ற பெரிய வங்கி மல்லாந்தது. பின்னாலேயே மற்ற வங்கிகளும் வரிசை கட்டிப் படுத்தன. வங்கி முதலாளிகள் பலர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார்கள். கோபுரத்தால் ஓட முடியாதல்லவா, அது அரசாங்கத்தின் கையில் மாட்டிக்கொண்டது. அரசாங்கமும் தனக்குத் தெரிந்த ஒரே பராமரிப்பைச் செய்தது: சும்மா போட்டுவைத்தது. அப்படியே 13 வருஷம்.

ஊரிலோ வீட்டுக்குத் திண்டாட்டம். மலைச்சரிவெங்கும் செங்கல் குடிசைகள். பெருமழை பெய்தால் வீடு எது, சேறு எது என்று தெரியாது. 2007-இல் வீடில்லாத குடும்பங்கள் சில மூட்டை முடிச்சோடு கோபுரத்துக்குள் புகுந்தன. தலைவராக வந்து சேர்ந்தவர் அலெக்சாந்தர் தாசா; சிறைக்குள் இருந்துவிட்டு வந்து பிரசங்கியார் ஆனவர். அப்போதைய அதிபர் சாவேஸுக்கு ஏழைகளை வெளியே தள்ளினால் மேடையில் பேச முடியாது, பட்டா கொடுத்தால் சட்டம் இடிக்கும். ஆகவே அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டார்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 28-ஆம் மாடி வரை ஏறினார்கள். 700 குடும்பங்களுக்கு மேல் குடியேறின. அறைகளுக்குச் சிவப்புச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். காற்று வராத இடத்தில் பழைய சுவரில் ஓட்டை போட்டார்கள். தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றினார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்து மாதாமாதம் பணம் வசூலித்தார்கள். மாடிக்கு ஒரு பொறுப்பாளர், வாசலில் காவல், பெருக்கித் துடைக்க முறை. மளிகைக் கடை வந்தது, சலூன் வந்தது, உரிமம் இல்லாத பல் வைத்தியர்கூட வந்தார்.

லிஃப்ட்? பக்கத்தில் வண்டி நிறுத்தும் கட்டடத்தின் சரிவுப் பாதையில் மோட்டார் சைக்கிள்காரர் பத்தாம் மாடி வரை ஏற்றிவிடுவார், காசு வாங்கிக்கொண்டு. அதற்கு மேல் கால்தான். 28-ஆம் மாடிக்காரர் கேஸ் சிலிண்டரோடு கிளம்பினால் பதினெட்டு மாடிக்கும் முழங்கால்தான் எரிபொருள். லிஃப்டுக்காக வந்து கிடந்த இரும்புச் சாமான்களை மேல்மாடி வாலிபர்கள் உடற்பயிற்சி எடைகளாக்கிக்கொண்டார்கள். மனுஷரைத் தூக்க வந்த லிஃப்டை மனுஷர்கள் தூக்கினார்கள்!

கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்புகள் மட்டும் கடைசிவரை அப்படியேதான் பல்லிளித்தன. விழுந்து செத்தவர்களும் உண்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வெளியுலகம் தாமதமாகக் கண்ணைத் திறந்தது. நின்றுபோன கான்கிரீட்டை இடிக்காமல் பயன்படுத்துவது, ஏசி இல்லாமல் காற்றோட்டம், லிஃப்டுக்கு மின்சாரம் பூஜ்யம் என்று பசுமைக் கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிற அத்தனையையும் இவர்கள் வேறு வழியில்லாமல் செய்து முடித்திருந்தார்கள். அர்பன் திங்க் டேங்க் என்ற கட்டடக்கலைக் குழு இந்தக் கதையை 2012-இல் வெனிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோய், அங்கே வெனிசுவேலாவின் அரேபா ரொட்டி விற்கும் உணவகமே வைத்துத் தங்கச் சிங்கம் விருதைத் தட்டிக்கொண்டு வந்தது. சிங்கம் வெனிஸில் கிடைத்தது. கோபுரத்தில் கைப்பிடிச் சுவர் கிடைக்கவில்லை. மறு வருஷம் ‘ஹோம்லேண்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் அதே கோபுரத்தை முரடர்களின் கோட்டையாக்கியது. படப்பிடிப்பு நடந்ததோ போர்ட்டோ ரிக்கோவில்.

2014 ஜூலையில் அரசாங்கத்துக்குத் திடீரென்று விழிப்பு வந்தது. மனுஷர் குடியிருக்க லாயக்கில்லாத இடமாம். ஏழு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ராணுவமும் பஸ்களும் வந்தன. குடும்பங்கள் தலைநகருக்குத் தெற்கே கூவா என்ற ஊரில் புது வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வீடு என்னவோ நல்ல வீடுதான்; வேலையும் பள்ளிக்கூடமும் கராகஸிலேயே தங்கிவிட்டன. கோபுரத்தைச் சீன வங்கிகள் வாங்கப்போகின்றன என்று பேச்சு அடிபட்டது. வங்கியால் கெட்டது மறுபடி வங்கியைத் தேடிப் போயிற்று! எந்த வங்கியும் வரவில்லை. 2018 ஆகஸ்டில் 7.3 அளவு நிலநடுக்கம்தான் வந்தது. உச்சி மாடிகள் சில சாய்ந்து நின்றன.

முதலாளி, அரசாங்கம், வங்கி என்று யாராலும் அந்தக் கட்டடத்தை உருப்பட வைக்க முடியவில்லை. அது உருப்படியாக இருந்தது அந்த ஏழு வருஷம்தான். காலிக் கட்டடங்களைப் பசுமைக் குடியிருப்பாக்கத் திட்டம் தீட்டும் அதிகாரிகளே, வரைபடத்தில் மாடித் தோட்டம் வரைவதற்கு முன்னால் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்க் குழாயையும் போட்டுக் கொடுங்கள். மிச்சத்தைக் குடிவருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்.