வரப்பில் நிற்கும் பெரியவர்

ஊருக்கு ஊர் ஒரு பெரியவர் உண்டு. நூதனமான எந்த வஸ்துவையும் அவர் வெறுப்பதில்லை. ஆனால் அதை முதலில் பரீட்சித்துப் பார்க்கும் பாக்கியத்தை மட்டும், பெருந்தன்மையுடன் அண்டை வயல்காரருக்கே விட்டுக்கொடுத்துவிடுவார். தஞ்சை ஜில்லாவில் அவரைக் காண விரும்புவோர் குறுவைப் பருவத்தில், அதுவும் பிறத்தியார் வரப்பில்தான், தேட வேண்டும்.

ஜப்பானிய நெல்லும் நம் ஜி.ஈ.பி. 24-உம் கலந்து பிறந்ததும் 105 நாளில் அறுப்புக்கு வருவதுமான ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம், 1960-களின் நடுவில் ஆடுதுறைப் பண்ணையிலிருந்து புறப்பட்டபோது, கிராம சேவக் என்ற சர்க்கார் ஊழியர் முதலில் இவருடைய திண்ணையில்தான் விதைமூட்டையை இறக்கினார். "நெல்லு நல்ல நெல்லுதான் தம்பி, ஜப்பான்காரனுக்குக் காவேரித் தண்ணி ஒத்துக்கணுமே!" என்று சொல்லி, ஒரு லோட்டா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் பெரியவர்.

அண்டை வயலில் அது நடவான நாள்முதல், நட்டவரைக் காட்டிலும் அதிகக் கவலையுடன் இரு வேளையும் வரப்பேறி, தூர் எண்ணி, கதிர் உருவி, ஆள் இல்லாத சமயம் ஒரு மணியைக் கடித்தும் பார்த்து, "அடைமழையில் மாட்டினால் களத்திலேயே முளைத்துவிடும்" என்று ஊரெல்லாம் எச்சரித்து வந்தார். கிராம சேவக்கின் பிரசாரம் நாலு வீட்டுக்கு எட்டியதென்றால், இவருடைய ஆட்சேபம் நாற்பது வீட்டுக்கு எட்டிற்று.

கண்டுமுதல் அளந்த அன்று அவர் வாய் திறக்கவில்லை. இருட்டிய பிறகு அண்டை வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டி, "விதைக்கு ஒரு கலம் கிடைக்குமா? மச்சினன் கேக்கறான்" என்றார். மச்சினனுக்குப் போன விதை மறு குறுவையில் இவர் நாற்றங்காலிலேயே முளைத்தது.

இது காவேரிக்கரையின் விசேஷம் என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஒட்டுமக்காச்சோளம் பரவிய விதத்தை 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-இல் எழுதிய ரயான், கிராஸ் என்ற இரு சமூகவியலார், செய்தியைக் கொணர்ந்தவர் விதை வியாபாரி, நம்பிக்கையைத் தந்தவர் அண்டை வீட்டுக்காரர் என்றே கண்டார்கள். ஆக, அயோவாவிலும் வரப்பு இருந்திருக்கிறது!

சில வருஷங்கள் சென்றபின், மாற்றலாகி வந்த புதுக் கிராம சேவக்கிடம் பெரியவர், "ஏ.டி.டி. 27-ஐ இந்த ஊரில் பரப்பினதே நான்தான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யுமன்று. சேவக் உற்சாகமடைந்து, தாம் கொணர்ந்த வேறொரு புது விதையை அவிழ்க்கப் போனார். பெரியவர் பதறாமல் அண்டை வீட்டுத் திண்ணைக்கு வழி காட்டினார்.