அன்னதானத்துக்கு வந்த பைக்: ஏலமா, குலுக்கலா?

கோயில் அன்னதானத்துக்கு ஒருவர் அரிசிக்குப் பதில் பைக் கொடுத்துவிட்டார் என்று கொள்க. பைக்கைச் சமைக்க முடியாது, காசாக்க வேண்டும். ஏலமா, குலுக்கலா? ஆரணியில் தறி வீட்டுத் திண்ணையில் கேட்டால் ஏலச்சீட்டு கட்டும் அம்மா ஒன்று சொல்வார், குலுக்கல் சீட்டு கட்டும் அத்தை வேறு சொல்வார். ஆய்வு அங்கேயே முடிந்திருக்கலாம்.

குலுக்கலுக்கு வம்சாவளி பெரிசு. வந்தவாசியைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுப்படி, அங்கே ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலை இருந்துவிட்டால்? கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் சொந்தக்காரர்கள் பெயரும் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. இன்றைய விழாக் கமிட்டிகளுக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்த்தேன், குடம் காலி.

ஐம்பது ரூபாய்ச் சீட்டு வாங்கியவர், குலுக்கும் நாள்வரை தறியை விட்டு இறங்காமலே மனசுக்குள் பைக் ஓட்டலாம். ஆனால் 1968இல் அரசே லாட்டரி தொடங்கிய இந்த மாநிலத்தில் 2003இல் தடை வந்துவிட்டது. காசு வாங்கிச் சீட்டுக் குலுக்கினால் அன்னதானப் பந்தி போலீஸ் ஸ்டேஷனில்தான்.

ஆக, ஏலம். அதில் விலை பொருளில் இல்லை, பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. ஆரணியில் தார் என்றால் தறி நாடாவுக்குள் போகும் நூல். குருவாயூரில் அது கோயிலுக்குக் காணிக்கையாக வந்த மஹிந்திரா ஜீப். 2021 டிசம்பர் ஏலத்துக்கு ஒரே ஆள் வந்தார்: 15.10 லட்சம். தகராறாகி 2022 ஜூனில் மறுஏலம், இம்முறை போட்டி: 43 லட்சம். வண்டிக்கு வயசுதான் ஆறு மாதம் கூடியிருந்தது. விழுப்புரம் மாவட்டத்து ஒட்டனந்தலில் 2024 பங்குனி உத்திரத்தில் முருகன் வேலில் செருகிய எலுமிச்சம்பழம் ஒன்றே 50,500 ரூபாய்க்குப் போனது. அதற்கு எஞ்சினும் கிடையாது.

'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்றதும் ஏலம் விடுபவர் துண்டை உதறுவார், சொம்பைத் தேடுவார், தண்ணீர் குடிப்பார். தாகம் அல்ல. அந்த இடைவெளியில்தான் பங்காளியின் காதில் யாராவது, "அவருகிட்ட விட்டுடாதண்ணே" என்பார்கள்.

எனவே நோட்டீஸ் அடிக்குமுன் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைக் கமிட்டி கண்டுபிடிக்க வேண்டும். ஏலம் முடியும்வரை அவர்களைச் சமாதானம் செய்துவைக்க எந்தப் பெரியவரையும் விடக் கூடாது.