நாய்க்கு மாத்திரை, எஜமானுக்குத் தள்ளுபடி

(சென்னையில் ஒரு தெருமுனை மருந்துக்கடை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தணிக்கையாளர் சதாசிவம், கையில் செல்போன். அந்தப் பக்கம் மருந்தாளுநர் மல்லிகா, கையில் கத்தரிக்கோல்.)

சதாசிவம்: ஏம்மா, டாக்ஸிசைக்ளின் என்ன விலை?

மல்லிகா: யாருக்கு சார்?

சதாசிவம்: எங்க ப்ரூனோவுக்கு. லாப்ரடார். உண்ணிக் காய்ச்சலாம்.

மல்லிகா: சீட்டு குடுங்க.

சதாசிவம்: சீட்டு இருக்கட்டும், முதல்ல விலையைச் சொல்லு. நாலு ஆப்ல பார்த்தாச்சு. ஒண்ணுல 20 சதவீதம் தள்ளுபடி, ஆனா டெலிவரிக்குக் காசு. இன்னொண்ணுல டெலிவரி இலவசம், ஆனா ஆயிரம் ரூபாய்க்கு வாங்கணும். ஆயிரம் தேறணுமேன்னு ப்ரூனோவுக்கு ஒரு ரெயின்கோட்டும் சேர்த்துப் போட்டேன். அறுபது ரூபாய் மிச்சம்!

மல்லிகா: ரெயின்கோட் எவ்வளவு சார்?

சதாசிவம்: எழுநூறு.

மல்லிகா: மாத்திரை வந்துச்சா?

சதாசிவம்: டாக்டர் சீட்டை அப்லோட் பண்ணச் சொன்னான். இல்லேன்னதும் மாத்திரையை மட்டும் கேன்சல் பண்ணிட்டான். ரெயின்கோட் வந்துடுச்சு.

மல்லிகா: டாக்டர்தானே உண்ணிக் காய்ச்சல்னு சொன்னார்? எழுதித் தரலையா?

சதாசிவம்: மருந்தையும் தன் கிளினிக்லயே வாங்கிக்கச் சொன்னார். விலையைக் கேட்டேன், அப்படியே எழுந்து வந்துட்டேன்.

மல்லிகா: எழுந்தது சரி, கேட்டு எழுதி வாங்கிட்டு எழுந்திருக்கலாம். "ஜெனரிக் பேரை எழுதிக் குடுங்க டாக்டர்"னு ஒரு வார்த்தை போதும். டாக்ஸிசைக்ளின் மனுஷங்களும் சாப்பிடற மாத்திரைதான். இந்த அட்டையில சிவப்புக் கோடு தெரியுதா? சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அர்த்தம். சீட்டு இருந்தா மக்கள் மருந்தகத்துல கேளுங்க, இல்ல முதல்வர் மருந்தகத்துல கேளுங்க. 2025 பிப்ரவரியிலயே தமிழ்நாடு முழுக்க 1,000 கடை திறந்தாங்க. இருப்பு இருந்தா எங்க கடையைவிடக் கம்மியாக் கிடைக்கும்.

சதாசிவம்: அட, கடையில நின்னுக்கிட்டே அடுத்த கடைக்கு ஆள் அனுப்பறியே!

மல்லிகா: நான் இங்கே சம்பளத்துக்கு இருக்கேன் சார், பங்குக்கு இல்லே. ஆனா எல்லாமே அங்கே கிடைக்காது. உண்ணிக்குப் போடற மாத்திரை, கழுத்துல விடற சொட்டு மருந்தெல்லாம் விலங்குகளுக்குன்னே தயாரிக்கிறது. அதுக்குத்தான் நாலு கடை, நாலு ஆப் ஏறி இறங்கிப் பார்க்கணும்.

சதாசிவம்: பசு ஔஷதின்னு ஒண்ணு வந்திருக்காமே? 2025 மார்ச்சுல மத்திய அமைச்சரவை 75 கோடி ஒதுக்கினதா படிச்சேன்.

மல்லிகா: ஆடு, மாடு வளர்க்கிறவங்களை மனசுல வெச்சுக் கொண்டுவந்த திட்டம் சார் அது. கூட்டுறவுச் சங்கம், கிசான் சம்ருத்தி மையம் வழியா ஜெனரிக் கால்நடை மருந்து குடுக்கறது. ப்ரூனோ கறவைக்கு வந்ததும் விசாரிக்கலாம்.

சதாசிவம்: சரி, அதுவரைக்கும் வீட்டுல இருக்கறதை வெச்சு சமாளிக்கலாம்னு பார்க்கறேன். கால் வலியில நொண்டறான். என் முழங்காலுக்கு வாங்கின டைக்ளோஃபெனாக் பாதி அட்டை சும்மா கிடக்கு.

மல்லிகா: ஐயோ, வேண்டாம். நாய்க்கு வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும். மாட்டுக்கு அதைப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. அதனால 2006லயே கால்நடைக்கு அதைத் தடை பண்ணிட்டாங்க.

சதாசிவம்: அப்போ பாராசிட்டமால்? பேத்தியோட பூனைக்கும் உடம்பு சுடுது. ஒரே அட்டையில ரெண்டு வேலை முடிஞ்சுடும்.

மல்லிகா: பூனையோட வேலையும் முடிஞ்சுடும் சார். பூனையோட ஈரலுக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போய் மூச்சு முட்டும். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். நாய்க்கு வாங்கின உண்ணிச் சொட்டுல மிச்சத்தைப் பூனைக்கு விட்டுடாதீங்க. அதுல பெர்மெத்ரின் இருந்தா வலிப்பு வரும்.

சதாசிவம்: இருமலுக்கு என்னோட சுகர்ஃப்ரீ சிரப்?

மல்லிகா: அதுல சைலிட்டால் இருந்தா நாய்க்குச் சர்க்கரை சடார்னு இறங்கிடும். உங்க அலமாரியைப் பூட்டி சாவியை மாமிகிட்ட குடுத்துடுங்க.

சதாசிவம்: மொத்தத்துல மலிவு எல்லாம் விஷங்கறே.

மல்லிகா: மலிவுல தப்பே இல்லே, சீட்டு இல்லாத மலிவுதான் ஆபத்து. பக்கத்துல அரசு கால்நடை மருந்தகம் இருக்கான்னு பாருங்க. பெரிய வைத்தியம்னா வேப்பேரி இருக்கு. 1903லேர்ந்து நடக்கற கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி. தனியார்ல ஆகற செலவு அங்கே ஆகாது. காலையிலேயே போய் வரிசையில உக்காரணும், அவ்வளவுதான்.

சதாசிவம்: வரிசையா? ப்ரூனோவுக்குப் பழக்கமில்லையேம்மா.

மல்லிகா: போன மாசம் அவன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்க நீங்க நின்னீங்களே சார், அதே வரிசைதான். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழலாமா?

சதாசிவம்: சரி சரி. ஒரு சந்தேகம். மாத்திரையை நாலு வாரம் குடுக்கணும்னார் டாக்டர். பத்து நாள்ல காய்ச்சல் விட்டுட்டா மீதியை நிறுத்திடலாமில்லே?

மல்லிகா: நாலு வாரம்னா நாலு வாரம். பாதியில விட்டா நோய் திரும்பும். அப்புறம் திரும்ப டாக்டர் பீஸ், திரும்ப ரத்தப் பரிசோதனை, திரும்ப முதல் மாத்திரையிலேர்ந்து. நாப்பது வருஷம் ஊர்க் கணக்கைத் தணிக்கை பண்ணீங்களே, இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. மருந்து பேரு, எடைக்கேத்த அளவு, எத்தனை நாள், இந்த மூணையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. விலையை அதுக்கப்புறம் நாலு கடை என்ன, நாப்பது கடையில வேணும்னாலும் ஒப்பிடுங்க.