டொனாத்தோ எங்கேப்பா?

1991 ஜூன் மாதம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், இதற்கு மேல் ஒரு அடி வைத்தால் அட்லாண்டிக்கில்தான் விழ வேண்டும் என்கிற இடத்தில் இருக்கிறது லா கொருன்யா. அந்த ஊர் டெபோர்டிவோ கால்பந்து கிளப் 18 வருஷம் கழித்து முதல் டிவிஷனுக்கு ஏறப்போகிற நாள் அது. ரியாசோர் ஸ்டேடியத்தில் எள் விழ இடமில்லை. ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்னால் கூரை சூடு பிடித்துவிட்டது. வர்ணனையாளர் பாஷையில் சொல்லவில்லை, நிஜமாகவே தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்தார்கள். புகை வாசனையோடு ஆட்டம் நடந்தது, 2-0 என்று ஜெயித்து மேலே ஏறினார்கள். சகுனம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே சுதாரித்திருக்கலாம். இந்த ஊருக்குச் சந்தோஷம் தனியாக வராது, பின்னாலேயே மணியடித்துக்கொண்டு ஒரு சிவப்பு வண்டியும் வரும்.

லா கொருன்யா இருப்பது கலீசியாவில். கலீசியாக்காரர்களுக்குச் சகுனமெல்லாம் கைவந்த கலை. சூனியக்காரிகளை நம்புகிறீர்களா என்று கேட்டால் "நம்புறதில்லை, ஆனா இருக்காங்க" என்று சொல்கிற ஜனம். அவர்களுக்கு வாய்த்த கோச்சின் பட்டப்பெயரே ஆர்த்தேய்ஷோ ஊர் மந்திரவாதி. நிஜப்பெயர் ஆர்சேனியோ இக்லேசியாஸ். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், நரைத்த தலை, அறுபதைத் தாண்டிய வயசு, நாளைக்கு மழை வந்து பயிர் போய்விடும் என்று இன்றைக்கே முடிவு கட்டிவிட்ட முகம். அணி ஜெயித்தால் அவருக்குக் கவலை. தொடர்ந்து ஜெயித்தால் பெருங்கவலை.

எதிர்முனையில் பார்சலோனா. அங்கே கோச் யோஹான் க்ரைஃப். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிகரெட்டை விட்டுவிட்டு, மைதான ஓரத்தில் லாலிபாப் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயில் குச்சி மிட்டாய் இருக்கிற மனிதரிடம் யார் போய் வாதாட முடியும்? தொடர்ந்து மூன்று லீக் கோப்பை அவர் கையில். அதில் இரண்டு, கடைசி நாளில் ரியல் மாட்ரிட் தெனெரீஃபே தீவுக்குப் போய்த் தோற்றதால் தானாக மடியில் வந்து விழுந்தவை. 1992-இல் ஒருமுறை, 1993-இல் மறுமுறை, அதே தீவு, அதே கூத்து. பட்டும் புத்தி வராதவர்களுக்கு மாட்ரிட் மொழியில் என்ன பழமொழி என்று தெரியவில்லை, ஆனால் பிளேன் டிக்கெட் இருந்தது.

ஆகவே 1993-94 சீசன் தொடங்கும்போது மூன்று கோப்பை இருந்தும் க்ரைஃபுக்குப் போதவில்லை. பிரேசிலில் பிறந்து ஹாலந்தில் ஆடிக்கொண்டிருந்த ரொமாரியோவை வாங்கினார். ரொமாரியோ வந்து இறங்கியதும் முப்பது கோல் போடுவேன் என்றார். சொன்னபடி 30 போட்டார். 31 போடவில்லை. சொன்ன வேலைக்கு மேல் ஒரு ஆணி கூட அடிக்காத கொத்தனார் மாதிரி. பயிற்சிக்கு வருவதில் அவருக்குப் பெரிய ஈடுபாடில்லை, ராத்திரி வாழ்க்கையில் உண்டு. ரியோ கார்னிவலுக்கு லீவு கேட்ட கதையைக் க்ரைஃபே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்: ரெண்டு கோல் போட்டால் ரெண்டு நாள் கூடுதல் லீவு என்று இவர் சொல்ல, அவர் இருபதே நிமிஷத்தில் ரெண்டைப் போட்டுவிட்டு, பிளேனுக்கு நேரமாச்சு, கிளம்பட்டுமா என்று மைதானத்திலிருந்தே கை காட்டினாராம். நம் ஆபீஸ்களில் லீவு லெட்டர் எழுதுகிறவர்கள் இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

1994 ஜனவரி 8-ஆம் தேதி பார்சலோனாவின் கம்ப் நோ மைதானத்துக்கு ரியல் மாட்ரிட் வந்து 5-0 வாங்கிக்கொண்டு போனது. அதில் ரொமாரியோ மூன்று. முதல் கோலை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் அல்கோர்த்தா என்ற டிஃபென்டர், நல்ல ஆஜானுபாகு, சட்டையை மோந்து பார்க்கிற தூரத்தில். குவார்தியோலாவிடமிருந்து பந்து வருகிறது. ரொமாரியோ அதை நிறுத்தவில்லை, வலது பாதத்தால் ஒட்டிப் பிடித்தபடியே அரைவட்டமாகத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டு திரும்புகிறார். ஒரே தொடுதல். அல்கோர்த்தா பந்து போக வேண்டிய பக்கம் போய்விட்டார், பந்து போகவில்லை. ஸ்பெயினில் இதற்கு மாட்டு வால் என்று பேர் வைத்தார்கள். ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு வீச்சு. ஈ யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் வாழ்க்கையில் எவ்வளவோ நன்றாக ஆடினார். யாருக்கு ஞாபகம்?

அந்த வருஷம் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், சிரிப்பதற்கு அங்கேயும் சரக்கு உண்டு. அத்லெதிகோ மாட்ரிட்டின் தலைவர் ஹெசூஸ் ஹில், மார்பெல்யாவின் மேயர், இம்பெரியோசோ என்ற குதிரைக்குச் சொந்தக்காரர். மனிதர்களில் அந்தக் குதிரை ஒன்றைத்தான் நம்பினார். கோச்சுகள் அவரிடம் மாதச் சம்பளத்தில் இல்லை, கிட்டத்தட்ட தினக்கூலியில் இருந்தார்கள். லெய்தா என்ற குட்டி கிளப் பார்சலோனாவை அவர்கள் வீட்டிலேயே 1-0 என்று சாய்த்தது, ரியல் மாட்ரிட்டைத் தன் வீட்டில் சாய்த்தது, சீசன் முடிவில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப் போனது. சிங்கம் இரண்டை அடித்துவிட்டு எறும்பு கடித்துச் செத்தவன் கதை. அந்த மாட்ரிட் தோல்வியின் இடைவேளையில் கோச் பெனிதோ ஃப்ளோரோ தன் பையன்களிடம் கத்திய வார்த்தைகளை டிவி மைக் பிடித்துவிட்டது. நாடே கேட்டது. இங்கே அச்சில் ஏற்ற மாட்டேன். கொஞ்ச நாளில் அவருக்கு வேலை போனது.

இந்தச் சந்தடியில் டெபோர்டிவோ என்ன செய்துகொண்டிருந்தது? கோல் வாங்காமல் இருந்தது. அவ்வளவுதான் அவர்கள் தத்துவம். கோல்கீப்பர் லியான்யோ 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 18. நடுவில் பிரேசில்காரர் மவுரோ சில்வா, சுவரை எழுப்பி அதற்குக் காலும் வைத்த மாதிரி. இடது பக்கம் உள்ளூர்ப் பையன் ஃபிரான். முன்னால் பெபெத்தோ. பின்னால் செர்பியாவிலிருந்து வந்த மிரோஸ்லாவ் ஜூகிச், கசங்காத சட்டையோடு ஆட்டத்தை முடிக்கிற அமைதியான டிஃபென்டர். பெனால்டி வந்தால் டொனாத்தோ. பிரேசிலில் பிறந்து ஸ்பெயின் பிரஜையானவர், நிதானஸ்தர், பந்தை வைத்தால் உள்ளே போகும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்சேனியோ மறந்துவிட்டார்.

கடைசி நாளுக்கு முன் கணக்கு: டெபோர்டிவோ 55, பார்சலோனா 54. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். ரியாசோரில் வலென்சியாவை ஜெயித்தால் போதும், முதல் முறையாகச் சாம்பியன். வலென்சியாவுக்கோ அந்த ஆட்டத்தில் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அந்த சீசனில்தான் ஐரோப்பியப் போட்டியில் கார்ல்ஸ்ரூ ஊருக்குப் போய் 7-0 வாங்கி வந்த அணி. ஊரே கோப்பையைக் கழுவித் துடைத்து ஷெல்ஃபில் இடம் பார்த்துவிட்டது. ஆர்சேனியோ ஒருத்தர்தான், ரொம்ப ஆடாதீங்கடா, விருந்தை மூக்குக்குக் கீழேயிருந்து பிடுங்கிக்கிட்டுப் போயிடுவாங்க என்கிற அர்த்தத்தில் வாரக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். கிழவர் எப்பவும் இப்படித்தான் என்று சிரித்தார்கள்.

1994 மே 14, சனிக்கிழமை ராத்திரி. கம்ப் நோவில் செவிய்யாவின் சிமியோனே கோல் போட்டார். ஆமாம், பின்னாளில் கோச்சாகக் கறுப்பு சூட்டில் கையை வீசிக் கூட்டத்தைக் கிளப்புகிறவரேதான். ஸ்தோய்ச்கோவ் சமன் செய்ய, ஷூக்கெர் மறுபடி செவிய்யாவை முன்னே கொண்டுபோனார். இடைவேளையில் பார்சலோனா 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. லா கொருன்யாவில் ஒரு கோல் கூடத் தேவையில்லை போலிருந்தது. இடைவேளைக்குப் பிறகு பார்சலோனா நாலு போட்டது, 5-2. அதில் ஒன்று ரொமாரியோவின் முப்பதாவது. கணக்கு முடிந்தது, ஆணி அடித்தாகிவிட்டது.

ரியாசோரில் 0-0. வலென்சியா ஆட்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். எதுவும் கிடைக்காத ஆட்டத்தில் இத்தனை வியர்வை எதற்கு என்று ஊர் கேட்டது. பார்சலோனாவிலிருந்து ஒரு பெட்டி வந்ததாகப் பேச்சு. பெட்டி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் ஊர்த் தேர்தலிலும் அதே சொல்தான். எது எப்படியோ, நேரம் நழுவுகிறது, கோல் வரவில்லை, ஆர்சேனியோ ஆட்டத்தைக் கிளப்ப ஆளை மாற்றுகிறார். வெளியே கூப்பிட்டது யாரை? டொனாத்தோவை.

89-ஆவது நிமிஷம் வாக்கில் டெபோர்டிவோவின் நாந்தோ பந்தோடு பெட்டிக்குள் நுழைகிறார். பணப்பெட்டி இல்லை, கோல் முன்னால் கட்டம். வலென்சியாவின் செரேர் காலை விடுகிறார், நாந்தோ விழுகிறார், நடுவர் லோப்பெஸ் நியேத்தோ விசில் ஊதி அந்தப் புள்ளியைக் காட்டுகிறார். பெனால்டி. ஸ்டேடியம் ஒரு முறை துள்ளியது. அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும்: டொனாத்தோ எங்கேப்பா?

டொனாத்தோ பெஞ்சில் இருந்தார். அடுத்த ஆள் பெபெத்தோ. முந்தின சீசனில் லீகிலேயே அதிக கோல் அடித்தவர், ஆனால் அந்த வருஷம் பெனால்டிகளைக் கோட்டைவிட்டிருந்தார். அவர் முன்னுக்கு வரவில்லை. கல்யாண வீட்டில் பில் வரும்போது திடீரென்று பாத்ரூம் போகிற மாமா இருப்பாரே, அந்த மாமாவைத் திட்ட எனக்கு மனசு வராது, நானும் போயிருக்கிறேன். பந்தை எடுத்தது ஜூகிச். கசங்காத சட்டைக்காரர்.

பந்தை வைத்தார். பின்னால் வந்தார். இடுப்பில் கை. மூச்சை இழுத்து, கன்னம் உப்ப, ஊதி வெளியே விட்டார். அதை டிவியில் பார்த்தவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பெனால்டி அடிக்கப் போகிறவன் மூச்சு விடுவான். இது பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு விடுகிற மூச்சு. ஓடி வந்து தட்டினார். உதைக்கவில்லை, தட்டினார். சொந்தக் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுக்கிற அளவு வேகம். வலென்சியா கோல்கீப்பர் கொன்ஸாலெஸ் சரியான பக்கம் விழுந்தார், பந்து அவரிடம் அடக்கமாக வந்து சேர்ந்தது. எழுந்து முஷ்டியை மடக்கிக் குதித்தார் பாருங்கள், உலகக் கோப்பை ஜெயித்தவன் மாதிரி. அந்த முஷ்டியை லா கொருன்யா இன்னும் மன்னிக்கவில்லை. பந்தைப் பிடித்தது உத்தியோகம். குதித்தது எதற்கு?

இரண்டு அணியும் 56 புள்ளி. நேருக்கு நேர் கணக்கில் ரியாசோரில் 1-0 டெபோர்டிவோ, கம்ப் நோவில் 3-0 பார்சலோனா. ஆக, கோப்பை லாலிபாப்காரருக்கு. மூன்று வருஷம், மூன்று கடைசி நாள், மூன்று முறையும் அடுத்தவன் தடுக்கி விழுந்து இவருக்குக் கோப்பை. திறமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஜூகிச்சுக்காக ஒரு வார்த்தை. டெபோர்டிவோ அந்த சீசனில் டிரா செய்தது 12 ஆட்டம், பார்சலோனா 6. ஜெயித்தது 22, பார்சலோனா 25. அடித்த கோல் 54, பார்சலோனா 91. ஸ்பெயினில் வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற முறை 1995-96-இல் வந்தது. அது இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால், அன்றைக்கு அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தாலும் 81-80 என்று பார்சலோனாதான் சாம்பியன். வருஷம் பூரா பத்துப் பைசா பத்துப் பைசாவாகத் தொலைத்துவிட்டு, கடைசி ரூபாயைக் கீழே போட்டவனை மட்டும் பிடித்து உலுக்கினார்கள். இதை நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அவரிடம் போய் யாரும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். மிலான் எல்லாம் நமக்கு ஒரு பொருட்டா என்ற தோரணையில் போன பார்சலோனா 4-0 வாங்கியது. அந்த ஆட்டத்தில் க்ரைஃப் சேர்க்காத தன் ஆட்டக்காரர் லாட்ரப்பை ரியல் மாட்ரிட் அழைத்துக்கொண்டது. அடுத்த ஜனவரியில் மாட்ரிட் பார்சலோனாவை 5-0 அடித்தபோது லாட்ரப் வெள்ளைச் சட்டையில் இருந்தார். ரொமாரியோ பிரேசிலுக்கே திரும்பிவிட்டார். ரொமாரியோ, பெபெத்தோ, மவுரோ சில்வா மூவரும் அந்த ஜூலையில் அமெரிக்காவில் உலகக் கோப்பை ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் பெனால்டியில் முடிந்தது. ஐந்தாவது உதை பெபெத்தோவுடையது என்று முடிவாகியிருந்தது. அவர் முறை வருவதற்குள் எதிரணியின் பாஜியோ மேலே தூக்கி அடித்துவிட்டார். சிலருக்கு ஜாதகம் அப்படி.

1995-இல் டெபோர்டிவோ மன்னர் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரி யார் என்று சொல்லவா? வலென்சியா. 1-1 என்று இருக்கும்போது மாட்ரிட்டில் கொட்டிய மழையில் ஆட்டம் நின்று, மூன்று நாள் கழித்து மீதி நிமிஷங்களுக்காக எல்லாரும் திரும்ப வந்தார்கள். தொடங்கிய கையோடு டெபோர்டிவோவின் அல்ஃப்ரேதோ தலையால் முட்டினார், 2-1. முதல் தடவை தீ, இந்தத் தடவை தண்ணீர்.

ஜூகிச் 1997-இல் வேறு கிளப்புக்குப் போனார். எங்கே? அதே வலென்சியா! 2002-இல் அங்கே லீக் சாம்பியனும் ஆனார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2000 மே 19. ரியாசோர். மறுபடி கடைசி நாள், மறுபடி கோப்பை வாசல்படியில், எதிரே எஸ்பான்யோல். ஆர்சேனியோ எப்போதோ போய்விட்டார், கோச் இருரேத்தா. கிழவர்கள் சிலர் மட்டும் மிச்சம்: ஃபிரான், மவுரோ சில்வா, அப்புறம் 37 வயசு டொனாத்தோ. கார்னர் வந்தது, டொனாத்தோ எம்பித் தலையைக் கொடுத்தார், கோல். டெபோர்டிவோ 2-0 என்று ஜெயித்து முதல் முறையாக லீகை வென்றது.

அந்த கோல் விழுந்தது மூன்றாவது நிமிஷத்தில். யாரும் அவரை வெளியே கூப்பிடுவதற்கு முன்னால்.