தங்கத் தட்டுக்கு உரசிப் பார்ப்பவர் யார்?

கேள்வி: அதிகம் விற்ற இசைத்தொகுப்புகளுக்குத் தங்கத் தட்டு, பிளாட்டினத் தட்டு தருகிறார்களே, அந்தக் கணக்கை யார் எண்ணுகிறார்கள்?
(வாசகர், பெங்களூரு)

பதில்: 1958இல் தங்கத் தட்டையும், 1976இல் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினத் தட்டையும் ஏற்படுத்திய அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் தானாக எதையும் எண்ணுவதில்லை; வெளியீட்டு நிறுவனம் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டிய பின்னரே, கடைகளுக்கு அனுப்பியவற்றில் திரும்பி வந்தவை போக எஞ்சியதைத் தணிக்கையாளர் சரிபார்ப்பதால், கேட்காதவருக்குப் பட்டமில்லை. 2016 முதல் 1,500 இணையவழிக் கேட்புகளும் ஒரு தொகுப்பு விற்றதாகவே கொள்ளப்படுகின்றன. பெங்களூருவின் லகரி நிறுவனம் 1991இல் ‘தளபதி’ படப் பாடல்களை வெளியிட்ட ஒலிநாடாக் காலத்திலோ, வெற்று நாடாவில் விரும்பிய பாடல்களைப் பதிந்து தந்த தெருமுனைக் கடைகளின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தணிக்கையாளர் போயிருந்தால் அவருக்கும் ஒரு நாடா பதிந்து கொடுத்திருப்பார்கள்.