லண்டன் சித்தப்பாவின் லாபக் கணக்கு

காலை ஏழு மணிக்கே ஷூ மாட்டி, ஃப்ளாஸ்க்கும் புளியோதரையும் பையில் அடைத்து, வாசலில் நிற்பார். "கிளம்பு. இன்னிக்கு அஞ்சு மியூசியம். ஒரு பென்னி செலவில்லை."

பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்தபோதே இலவசம். கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த மற்ற தேசிய அருங்காட்சியகங்களும் 2001 டிசம்பருக்குள் அதைக் கைவிட்டன. இரண்டையும் தானே பேரம் பேசி முடித்ததுபோலச் சொல்வார் சித்தப்பா.

ரொசெட்டா கல் முன்னால் நிற்கிறோம். அதில் மூன்று எழுத்து முறைகள். சித்தப்பா கண்ணில் நான்காவதாக ஒன்று ஓடுகிறது. "லூவர்ல நுழையவே இருபது யூரோவுக்கு மேல. நாம நாலு பேர்." கைபேசியில் பெருக்கி, பவுண்டாக்கி, ரூபாயாக்கி, என்னிடம் காட்டுகிறார். நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தியைப் பார்த்ததும் இன்னொரு எண்பது ஏறியது. நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் இருபத்தைந்து மீட்டர் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தலைக்கு மேல் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று கூட்டல். டவர் ஆஃப் லண்டனுக்கு டிக்கெட் உண்டு என்பதால் வெளியே நின்றே பார்த்தோம். உள்ளே போகாத காசும் லாபத்தில் சேர்ந்தது! சாயங்காலத்துக்குள் எனக்கு ஏதோ கைமாற்றுக் கொடுத்தவர் மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நன்கொடைப் பெட்டி அருகே வரும்போது மட்டும் அவருக்கு போன் வரும்.

விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் புலி இருக்கிறது. வெள்ளைக்காரன் ஒருவன் மேல் பாய்ந்து குரல்வளையைக் கவ்வும் மரப் புலி. வயிற்றுக்குள் ஆர்கன் வேறு. சின்ன வயதிலிருந்து பார்க்க ஆசைப்பட்டது. ஐந்து நிமிடம் கேட்டேன்.

"புலி எங்கயும் ஓடாதுடா, வா. சயன்ஸ் மியூசியம் மூடிருவான்."

புலி ஓடாது, சரி. நாம் ஏன் ஓட வேண்டும்? காசில்லாத இடத்தில்தானே ஒரே ஒரு அறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு மறுபடி வரலாம்? அன்லிமிடெட் மீல்ஸ் என்றால் அண்டா காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று யார் சொன்னது? எனக்கு ஒரு பெஞ்சு போதும், சித்தப்பா. உட்கார்ந்திருந்தாலும் பைசா கேட்க மாட்டார்கள்.

இதை அவரிடம் சொல்லவில்லை. குதிகால் கொப்புளத்தைத்தான் காட்டினேன். பதறிப்போய் மருந்துக் கடைக்கு ஓடி, பிளாஸ்திரி வாங்கி வந்து, நடைபாதையிலேயே மண்டியிட்டு ஒட்டிவிட்டார். நல்ல மனுஷர்.

பிறகு கைபேசியை எடுத்து மொத்தத்தில் நாலு பவுண்டைக் கழித்தார்.